பலூனில் ஜன்னல் இல்லை

ஜூலை 1, செவ்வாய்

இன்றிலிருந்து நாட்குறிப்பு எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். மோட்டார் பம்ப் கம்பெனியில் எனக்குத் தர ஆய்வு வேலை. எழுதாதது நடக்காதது என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன். வீட்டு விஷயத்திலும் அப்படியே இருக்கட்டும். நாளைக்கு ஊர் நாலு விதமாகப் பேசினால், இந்த ஈஸ்வரமூர்த்தி எவ்வளவு பொறுமையாக இருந்தான் என்பதற்கு ஓர் அத்தாட்சி வேண்டும் இல்லையா?

என் மனைவி வினோதினிக்கு உடம்பு சரியில்லை. உடம்பு என்று சொல்வதைவிட மனசு என்று சொல்லலாம். சித்திரையில் சொல்லாமல் கொள்ளாமல் உடுமலையில் இருக்கும் அவள் அண்ணன் திருமூர்த்தி வீட்டுக்குப் போய்விட்டாள். நான் போய், பெரியவர்கள் முன்னால் செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டுக் கூட்டிவந்தேன். ஃபோன்தான் அவள் மனத்தைக் கெடுக்கிறது என்று அதை வாங்கி வைத்துவிட்டேன். தூக்கத்தில் நடக்கிறாள், அதனால் வேலைக்குப் போகும்போது வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு போகிறேன். பின்னறை ஜன்னலுக்குப் பலகை அடித்தாயிற்று. தெருத்தூசி வராது. தெருவில் போகிறவர்களோடு பேச்சும் இருக்காது.

இந்த நோட்டை ஆபீஸ் பையிலேயே வைத்துக்கொள்வேன். வீட்டில் வைத்தால் அவள் எடுத்துப் படிப்பாள்.

ஜூலை 4, வெள்ளி

கம்பெனி ஆண்டு விழாவுக்கு எண் பலூன் வாங்க காந்திபுரத்தில் ஒரு பார்ட்டி சாமான் கடைக்குப் போனேன். கடையை நடத்துவது ஃபர்ஹானா என்ற பெண். நல்ல சுறுசுறுப்பு, கொஞ்சம் வாய் அதிகம். பிறந்தநாள் பேனரும் அழைப்பிதழும் அங்கேயே அச்சடிக்கிறார்கள். பேனரில் இருந்த பலூன் எண்கள் எனக்கு வெறும் கம்ப்யூட்டர் படமாகத் தெரிந்தன, சொன்னேன்.

"அதேதானுங்கண்ணா எல்லாரும் சொல்றாங்க. கையில வரைஞ்சது வேணுமாம். ஆனா நெசப் பலூன் மாதிரி ஊதிப் புடைச்சு நிக்கோணுமாம். வாட்டர் கலர்ல அப்படி வரையற ஆளு எங்க கெடைக்கறாங்க?"

"எம் பொண்டாட்டி வரைவா" என்றேன். கல்யாணத்துக்கு முன் ஏதோ ஓவியப் பரீட்சையெல்லாம் பாஸ் செய்தவள். சும்மா இருக்கிற மனம் பேய்க்குப் பட்டறை. கைக்கு வேலை கொடுத்தால் மனம் அடங்கும்.

சைபர் முதல் ஒன்பது வரை வெள்ளிநிற ஃபாயில் பலூன், தடித்த காகிதம், வர்ணம் எல்லாம் ஃபர்ஹானாவே கொடுத்தார். வாங்கிப் போவதும் கொண்டுவந்து கொடுப்பதும் நான்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

வினோதினி உறிஞ்சுகுழலை வைத்து ஊதி, ஒன்றாம் எண்ணை நாற்காலி முதுகில் கட்டி வைத்திருக்கிறாள். நேற்று முழுக்க ஒரு கோடு போடவில்லை. பலூனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாத்துட்டே இருந்தா ஆச்சா?"

"வெள்ளைன்னு தனியா பெயிண்டு இல்லீங்க. வெளிச்சம் விழற எடத்துல காயிதத்த அப்படியே விட்டுப் போடோணும். எங்க விடறதுன்னு மொதல்லயே தெரியோணும். அப்பறம் கலர் பட்டுட்டா போச்சு" என்றாள். இவ்வளவு நீளமாக அவள் பேசி மாதக் கணக்காகிறது.

வரையாமல் விடுவதற்கு இவ்வளவு யோசனை. சோம்பேறிக்கு ஏற்ற கலை என்று சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்திருக்கலாம்.

ஜூலை 10, வியாழன்

முதல் படம் முடிந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், அசந்துவிட்டேன். தாளிலிருந்து கையை நீட்டி எடுத்துவிடலாம் போல இருக்கிறது. ஓரத் தையலில் ஃபாயில் சுருங்கிச் சுருங்கி நிற்கும் மடிப்புகளைச் சின்னச் சின்ன இருட்டுக் கோடுகளாக இழுத்திருக்கிறாள். வெள்ளி என்றால் சாம்பல் என்று நினைத்திருந்தேன். பார்த்தால் நீலமும் பழுப்பும்தான் அதிகம்.

இருந்தாலும் ஆய்வு செய்யாமல் வெளியே விடுவதில்லை. போன மாதம் மளிகைச் சீட்டின் பின்பக்கம் அண்ணனுக்கு இரண்டு வரி எழுதி, கீழ்வீட்டுச் சரசக்காவிடம் கொடுக்கப் பார்த்தாள். அன்றைக்கு நல்லபடியாகச் சொல்லிப் புரியவைத்தேன். அதிலிருந்து எழுத்து என்றால் என் கண்ணில் பட்டுத்தான் வெளியே போகும். கம்பெனி லென்ஸைக் கொண்டுவந்து, தாளின் பின்பக்கம், ஒட்டுநாடா ஒட்டிய ஓரம், எல்லாம் பார்த்தேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தும் பார்த்தேன். ஒரு பென்சில் எழுத்துகூட இல்லை.

பலூன் வயிற்றில் மட்டும் ஒரு கறுப்புத் தீற்றல். இது என்ன அழுக்கு என்று கேட்டேன்.

"ஃபாயிலு கண்ணாடி மாதிரிங்க. எதிர்ல என்ன இருக்குதோ அது உள்ள தெரியும். அத வரையாட்டிப் பலூனுன்னே தோணாது, தகரத்துல வெட்டுன நெம்பராட்டம் இருக்கும்."

"அப்ப இந்தக் கறுப்பு?"

"நீங்கதானுங்க. கதவுகிட்ட நின்னுட்டிருந்தீங்கல்ல."

லென்ஸில் பார்த்தேன். நான்தான். ஊர்க் குழந்தைகளின் பிறந்தநாளுக்கெல்லாம் நான் போகப் போகிறேன். நினைக்கவே வேடிக்கையாக இருந்தது.

கம்பெனியில் தேறிய உருப்படி ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து இருக்கும். அந்தப் பழக்கத்தில் தாளின் பின்னால் பென்சிலால் ஈ.மூ. என்று போட்டு, தேதியும் எழுதினேன்.

ஜூலை 11, வெள்ளி

ஃபர்ஹானா படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்.

"ஏனுங்கண்ணா, உங்க வீட்ல ஜன்னல் இல்லீங்களா?"

"ஏன்?"

"இல்லீங்க, பலூன யாரு வரைஞ்சாலும் சரி, போட்டோ எடுத்தாலும் சரி, வயித்துல ஜன்னல் வெள்ளைக் கட்டமாத் தெரியும். இதுல கட்டமே காணோம். டியூப்லைட்டு மட்டும் கோடாத் தெரியுது. ஜன்னலு எடத்துல பலகை மாதிரி என்னமோ இருக்குது."

தூசி ஒவ்வாமை என்றேன். அவளுக்குத் தூக்கத்தில் நடக்கும் வியாதி, மனசும் சரியில்லை, அதனால் பகலில் பூட்டி வைத்துவிட்டு வருகிறேன் என்பதையும் சொல்லி வைத்தேன். நாலு பேருக்குத் தெரிந்திருப்பது நல்லது.

"தூக்கத்துல நடக்கறவங்கள பகல்ல எதுக்குங்க பூட்டறீங்க?"

வாய் அதிகம் என்று அன்றைக்கே எழுதினேன். அடுத்து மூன்றும் ஐந்தும் வேண்டுமாம்.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் ரசத்தில் உப்பு. நான் ஒன்றும் சொல்லவில்லை. மாலையில்தான் சொன்னேன்.

ஜூலை 14, திங்கள்

வினோதினிக்கு இடது கண் வீங்கியிருக்கிறது. கதவில் இடித்துக்கொண்டாள். தூக்கத்தில் நடக்கிறவர்களுக்கு இது சகஜம். சரசக்காவிடம் போகிற போக்கில் சொல்லிவிட்டேன். அக்கா ஒரு மாதிரிப் பார்த்தாள். அந்தக் காலத்து மனுஷி, இந்த வியாதியெல்லாம் புரியாது.

பின்னறைக் கதவின் உள்கைப்பிடியைக் கழற்றிவிட்டேன். மோட்டாரில் மாட்டும் ரப்பர் வி-பெல்ட் ஒன்று, கம்பெனியிலிருந்து கொண்டுவந்தது, வீட்டில் கிடந்தது, அதைக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். மாட்டித்தான் வைத்திருக்கிறேன், வேறொன்றுமில்லை. பார்த்தாலே போதும் சில பேருக்கு.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. விடுப்புப் போட்டுவிட்டுத் தாராபுரத்துக்கு அந்தப்பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்துக்குப் போய்வந்தேன். காற்று ஆளைத் தள்ளுகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது அங்கே நின்றால் தெரியும். தோட்டத்துச் சாளை வீடு நன்றாகத்தான் இருக்கிறது, கூரை ஓடுகளை மட்டும் மாற்ற வேண்டும். செல்போனுக்குச் சிக்னல் கிடையாது. பக்கத்தில் குடித்தனமும் இல்லை. அவள் மனசுக்கு அமைதி வேண்டும், அதற்கு இதைவிட நல்ல இடம் எது?

கிணற்றுக் கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. கூட வந்த கொத்தனார், இதை முதலில் கட்டிவிடலாமா என்று கேட்டார். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். ஓடுதான் அவசரம்.

கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று கேட்டேன். கல்லைப் போட்டுக் காட்டினார்.

ஜூலை 20, ஞாயிறு

மூன்று, ஐந்து, எட்டு, எல்லாம் முடித்துவிட்டாள். நானும் சும்மா சொல்லக்கூடாது, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். ஈரத்தின் மேல் ஈரம் வைத்தால் வர்ணம் தானாகப் படர்கிறது. காய்ந்த பிறகு வைத்தால் விளிம்பு கத்தி மாதிரி நிற்கிறது. பலூனுக்கு இரண்டும் வேண்டுமாம். வழவழப்புக்குப் படர விட வேண்டும், பளபளப்புக்கு வெட்டி நிறுத்த வேண்டும்.

எட்டில் இரண்டு வயிறு. அதனால் அறை இரண்டு தடவை தெரிகிறது. மேலே பலகை, கதவு, ஆணியில் பெல்ட். கீழே அவள், பின்னால் நான். லென்ஸில் பார்த்தேன், எல்லாம் இருந்தது இருந்தபடி. எழுத்து எதுவும் இல்லை. ஈ.மூ.

ஆகஸ்ட் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஆடிப்பெருக்கு வருகிறது. அன்றைக்குத் தோட்டத்துக்குப் போகிறோம் என்று அவளிடம் சொன்னேன். பிரஷ் கையில் நின்றது.

"கெணத்துக்குச் சொவுரு கட்டியாச்சுங்களா?"

கிணற்றைப் பற்றி நான் அவளிடம் பேசியதே இல்லை. நாலு வருஷத்துக்கு முன் பொங்கலுக்குப் போனபோது பார்த்தது. எப்படி ஞாபகம் வைத்திருக்கிறாள் என்று தெரியவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

கடையில் படங்களைக் கொடுத்தேன். ஃபர்ஹானா எட்டை உள்ளே ஸ்கேனருக்கு எடுத்துப் போனார். வர நேரமாயிற்று. வந்தபோது முகம் வெளுத்திருந்தது. உடம்பு சரியில்லையா என்று கேட்டேன், வெயில் என்றார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் தேதிக்குப் பிறகு வேலை வாங்க முடியாது, தோட்டத்துக்குப் போகிறோம் என்று சொன்னேன்.

"ஆடியில யாராச்சும் வீடு மாத்துவாங்களாண்ணா? எங்களுக்கே தெரியும், ஆடியில ஒரு பேனர் ஆர்டர் வராது."

வீடு மாற்றவில்லை, ஓய்வுக்குத்தான் என்றேன். நல்ல காற்று, நல்ல கிணற்றுத் தண்ணீர் என்றும் சொன்னேன். வரைகிற அக்காவுக்குச் சொந்த ஊர் எது என்று கேட்டார். உடுமலை, அண்ணன் அங்கே உரக்கடை வைத்திருக்கிறார் என்றேன். கேட்டதற்குப் பதில் சொல்வதில் என்ன தப்பு?

கிளம்பும்போது கூப்பிட்டார்.

"எட்டு ரொம்ப நல்லா வந்திருக்குது. இன்னொரு எட்டு வேணும், இதைவிடப் பெருசா. அக்காகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பளபளப்புல என்ன இருக்குதுன்னு எனக்கு நல்லாத் தெரிஞ்சுதுன்னு சொல்லுங்க. மறக்காமச் சொல்லுங்கண்ணா."

சாப்பிடும்போது வார்த்தை மாறாமல் சொன்னேன். வினோதினி தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுக்கொண்டாள். பாராட்டு என்றால் பெண்களுக்கு அவ்வளவு ஆசை. எனக்கும் மனசு நிறைந்தது, நல்ல சேதி கொண்டுவந்தது நான்தானே.

ஜூலை 25, வெள்ளி

என்னிடம் சாவி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லி வினோதினி சரசக்காவிடம் கேட்டாளாம். தீ கீ பிடித்தால் என்ன செய்வது என்று அக்கா என்னிடம் வந்து சொன்னாள். ஜன்னல் அடைத்திருக்கிறது, கதவு பூட்டியிருக்கிறது, இவர்கள் எப்போது பேசிக்கொண்டார்கள்? குளியலறைக் காற்றுத்துளை வழியாகத்தான் இருக்கும். அதையும் அடைத்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

இன்று கோபம் வந்தது. எழுதத்தான் வேண்டும், நான் எதையும் மறைப்பவன் இல்லை. அடிக்கிற கைதான் அணைக்கும். ஆனால் கேள்வி கேட்டால் பதில் வர வேண்டும். சரசக்காவிடம் வேறு என்ன சொன்னாய் என்று கேட்டேன். பெரிய எட்டை வரைந்துகொண்டே இருந்தாள். ஆணியிலிருந்து பெல்ட்டை எடுத்தேன். கையை ஓங்கினேன்.

விசித்திரம் என்னவென்றால், அவள் திரும்பி என்னைப் பார்க்கவே இல்லை. பலூனைத்தான் பார்த்தாள். அதற்குள் என்னைப் பார்த்தாள். முதுகில் விழும்போதும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள், முதல் நாள் வெள்ளையை எங்கே விடுவது என்று பார்த்தாளே, அதே பார்வை. எனக்கே கை தளர்ந்துவிட்டது.

ஜூலை 30, புதன்

பெரிய எட்டு முடிந்தது, கொண்டுபோய்க் கொடுத்தேன். என் தோள், கை எல்லாம் நன்றாக வந்திருக்கிறது. தெளிவு என்றால் அப்படி ஒரு தெளிவு. கொஞ்சம் யோசித்தேன், மறுக்கவில்லை. லென்ஸுக்குத்தான் தெரிகிற அளவு, வெறும் கண்ணுக்கு நிழல் மாதிரி இருக்கும். எழுத்து இல்லை. உள்ளது உள்ளபடி இருந்தால் தேறியது என்றுதான் அர்த்தம். ஈ.மூ.

இனி சைபர் ஒன்று மட்டும் போதும், சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு நானே கொண்டுவர வேண்டும் என்று ஃபர்ஹானா நேரம் சொன்னார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

வினோதினி அமைதியாக இருக்கிறாள். துணி எடுத்து வைக்கவில்லை. கேட்டதற்கு, "நாளைக்கு எடுத்து வெச்சுக்கறேனுங்க" என்றாள். குரலில் பயமே இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

தோட்டத்துக்குப் போகும் வண்டிக்காரரிடம் பேசிவிட்டேன். ஆடிப்பெருக்குக்குக் கிணற்றுக்குப் பூஜை போட வேண்டும், பூவும் எலுமிச்சம்பழமும் வாங்கியாயிற்று. கிணற்றடிக்கு அவளைத்தான் முன்னால் போகச் சொல்ல வேண்டும். சுமங்கலி கையால் போட்டால்தான் முறை.

ஆகஸ்ட் 2, சனி

மகளிர் காவல் நிலையத்தில் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பையை வாங்கி வைத்துவிட்டார்கள். நோட்டையும் பேனாவையும் மட்டும் கையில் வைத்திருக்க விட்டார்கள். வாக்குமூலம் எழுத வெள்ளைத்தாள் எடுக்கப் போயிருக்கிறார்கள். அதற்குள் நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பதினோரு மணிக்குக் கடைக்குப் போனேன். "உக்காருங்கண்ணா, டீ சொல்றேன்" என்று ஃபர்ஹானா நாற்காலி போட்டார். எதிர்ச் சுவரில் துணி போட்டு ஏதோ மூடியிருந்தது. கடையில் ஒரு பெண் பலூன்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். டீ வந்தது. குடித்தேன். இன்னொரு டீ வேண்டுமா என்றார். சைபரைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றேன், பார்க்கவில்லை, செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஃபோன் அடித்தது. எடுத்துக் கேட்டுவிட்டு, "வெளிய வந்துட்டாங்களா" என்று மட்டும் கேட்டார். அப்புறம் அழுதார். எழுந்துபோய் அந்தத் துணியை இழுத்தார்.

எட்டு. பெரிய எட்டு. பேனர் மெஷினில் அடித்தால் எவ்வளவு பெரிதாக வரும் என்று நான் யோசித்ததே இல்லை. ஆள் உயரத்துக்குமேல் இருந்தது. மேல்வயிற்றில் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் பலகை, ஒவ்வோர் ஆணியும் தெரிந்தது. கதவு, கைப்பிடி இருந்த ஓட்டை. கீழ்வயிற்றில் வினோதினி, இடது கண் ஊதா நிறத்தில். அவளுக்குப் பின்னால் நான், என் உயரத்துக்கே நின்றேன். ஓங்கிய கையில் பெல்ட் வளைந்திருந்தது. முகத்தில் மூக்கு, மீசை எல்லாம் என்னுடையது. அந்த முகத்தில் சிரிப்பு இருந்தது. நான் அப்போது சிரித்தேனா? எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அவள் இல்லாததை வரைகிறவள் அல்ல.

பலூன் புரட்டிக்கொண்டிருந்த பெண் பக்கத்தில் வந்தார். சப்-இன்ஸ்பெக்டராம், சாதாரணச் சுடிதார்தான் போட்டிருந்தார். மூலப் படத்தைத் திருப்பிக் காட்டினார்.

"பின்னால ஈ.மூ.ன்னு போட்டு தேதி போட்டிருக்குதே. இது யாரு கையெழுத்து?"

"என்னுதுதான்" என்றேன். "நான் பாக்காம எதுவும் வெளிய போகாதுங்க."

"எல்லாத்துலயும் இருக்குது" என்றார் அவர். குரலை உயர்த்தவே இல்லை.

இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது, நான் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் திருமூர்த்தியும் போலீஸும் வீட்டுப் பூட்டை உடைத்திருக்கிறார்கள். சரசக்கா சாட்சியாம். வினோதினி இங்கே நிலையத்தின் உள்ளறையில் உட்கார்ந்திருக்கிறாள். கதவு திறக்கும்போது ஒரு தடவை தெரிந்தாள். பெரிய ஜன்னல் பக்கம் முகத்தை வைத்து உட்கார்ந்திருந்தாள். மேலெல்லாம் வெளிச்சம். என்னைப் பார்க்கவில்லை.

தாள் வந்துவிட்டது. நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். ஒரு தாளில் எப்படி என் பொறுமையை எழுதுவது? ஒரு படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஒரு மனிதனை எடை போடுகிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும், நான் எழுதி வைத்திருக்கிறேன். ஜூலை ஒன்றிலிருந்து ஒன்றையும் மறைக்கவில்லை. தோட்டம், கிணறு, எல்லாம் இதில் இருக்கிறது.

ஒவ்வொரு பக்கத்தையும் இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. அடியில் ஈ.மூ. போட்டு, தேதியும் போட்டு, இந்த நோட்டை அந்த அம்மாவிடம் நானே கொடுக்கப் போகிறேன்.